நகோன் சி தம்மராட்டில் நான்கு இரவுகள்

பாங்காக், பட்டாயா, புக்கெட் மூன்றையும் ஐந்தே நாளில் காட்டிவிடும் தொகுப்புச் சுற்றுலா எல்லா டிராவல்ஸ் கடைகளிலும் கிடைக்கிறது. அதில் பாதி நேரம் பேருந்திலும் மீதி நேரம் நகைக்கடை வாசலிலும் கழியும். அதற்கு ஆகும் பணத்தில் ஒரு மாகாணத் தலைநகரில் நான்கு இரவு கால்நீட்டி உட்கார்ந்து, நல்ல கட்டிலில் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரலாம். எந்த ஊர் என்று கேட்டால் நான் சொல்வது நகோன் சி தம்மராட். பாங்காக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். தாய்லாந்து வளைகுடாவை ஒட்டிய கிழக்குக் கரை. வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் எட்டிப்பார்க்காத ஊர். அதனால்தான் அறை வாடகையும் சாப்பாட்டு விலையும் உள்ளூர்க்காரர்களின் சம்பளத்துக்கு ஏற்றபடி இருக்கின்றன.

செலவைக் குறைக்க வேண்டும், உடம்பும் நோகக்கூடாது என்றால், எங்கே தாராளமாகக் கொடுப்பது, எங்கே கையை இறுக்குவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். என் கணக்கில் தாராளம் காட்ட வேண்டிய இடங்கள் இரண்டுதான்: படுக்கை, ஒருநாள் கார். மற்றதையெல்லாம் அந்த ஊரே மலிவாகப் பார்த்துக்கொள்ளும்.

முதலில் மாதம்

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். தாய்லாந்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம் என்று எல்லாரும் சொல்வார்கள். பாங்காக்குக்கும் சியாங் மாய்க்கும் அது சரி. நகோனுக்குச் சரியில்லை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, அங்கே வளைகுடாவின் ஈரத்தைச் சுமந்து வந்து, நகரத்துக்கு மேற்கே நிற்கும் காவ் லுவாங் மலையில் மோதிக் கொட்டித் தீர்க்கிறது. அக்டோபர் கடைசியில் பிடித்தால் ஜனவரி தொடக்கம் வரை விடாது. நவம்பர், டிசம்பரில் தெருக்களில் வெள்ளம் நிற்பது ஊராருக்குப் புதிதல்ல. 1988 நவம்பரில் இந்த மாகாணத்தின் பிபூன் பகுதியில் மலைச்சரிவு இடிந்து, வெட்டிப்போட்ட மரங்களும் சேறுமாக வந்து கத்தூன் கிராமத்தை மூடியது. அதன் பிறகுதான், 1989 தொடக்கத்தில், இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்கு அந்நாட்டு அரசு நாடு முழுவதும் தடை போட்டது. ஆகவே நவம்பர், டிசம்பரில் விமான டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஆசைப்படாதீர்கள்.

பிப்ரவரியும் மார்ச்சும் முதல் தரம். மழை ஓய்ந்து மலை பச்சையாக இருக்கும். வெயில் இன்னும் ஏறியிருக்காது. இதே காலத்தில் வரும் மாக பூஜைப் பௌர்ணமியன்று, நீளமான துணியை ஊர்வலமாகத் தூக்கிவந்து, ஊரின் பெரிய கோயிலான வாட் ப்ரா மகாதாட்டின் தூபியைச் சுற்றிக் கட்டும் திருவிழா நடக்கிறது. பார்க்க வேண்டிய விழாதான். ஆனால் தாய்லாந்தின் பல மாகாணங்களிலிருந்து கூட்டம் வரும் என்பதால் அறையை இரண்டு மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. அந்த வாரம் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். ரயிலிலும் விமானத்திலும் இடம் இருக்காது. ஜூலையும் ஆகஸ்டும் இரண்டாம் தரம். பிற்பகலில் ஒரு மழை வந்து போகும், ஆனால் மங்குஸ்தானும் துரியானும் சந்தையில் குவிந்திருக்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில், பெரும்பாலும் நம் மகாளய பட்சத்தை ஒட்டி, பத்தாம் மாதத் திருவிழா வரும். அதுவும் முன்னோருக்குப் படைக்கும் விழாதான். வலைபோல் மெல்லிதாகச் சுட்டு மடிக்கும் கனோம் லா என்ற பண்டம் அப்போது ஊரெங்கும் விற்கும்.

காகிதங்களும் பணமும்

2024 ஜூலையில் வந்த விதி, இந்தியர்களும் இலங்கையரும் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் 60 நாள் வரை தங்க அனுமதித்தது. இந்த விதியைத் தாய்லாந்து அரசு அடிக்கடி மாற்றுகிறது. பணம் கட்டுவதற்கு முந்தைய நாள் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கம் எதுவானாலும் அது குடிவரவுத் துறையின் பக்கம் அல்ல. மூடிவிட்டு வெளியே வாருங்கள். திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு இரண்டையும் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பாட் நம் பணத்தில் மூன்று ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே வரும், மிச்சம் லாபம். வெளிநாட்டு அட்டையை ஏடிஎம்மில் போட்டால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் சிறிது சிறிதாக எடுக்காமல் ஒரே தடவையில் பெரிய தொகையாக எடுத்துவிடுங்கள். கையில் கொண்டுபோவதானால் மடிப்பும் கறையும் இல்லாத நூறு டாலர் நோட்டுகள் நல்லது. பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் கவுன்டர்களைக் கடந்து, நகர ரயில் கிளம்பும் கீழ்த்தளத்துக்குப் போனால் மாற்று விகிதம் நன்றாக இருக்கும். நகோனின் சந்தைகளில் உள்ளூர்க்காரர்கள் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் அனுப்புவார்கள். அது அவர்கள் ஊர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு. நமக்குச் சில்லறை நோட்டுகள்தான் துணை. ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் நூடுல்ஸ் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

மறந்தும் மின்சிகரெட்டைப் பெட்டியில் வைக்காதீர்கள். தாய்லாந்தில் அதற்குத் தடை உண்டு.

போகும் வழி

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேர் விமானத்தில் மூன்றரை மணி நேரம். பாங்காக்கில் விமான நிலையங்கள் இரண்டு என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். நகோனுக்குப் போகும் மலிவுக் கட்டண விமானங்கள் டான் முவாங்கிலிருந்து கிளம்புகின்றன. நீங்கள் சுவர்ணபூமியில் இறங்கினால் இரண்டுக்கும் இடையே இலவசப் பேருந்து ஓடுகிறது. அடுத்த டிக்கெட்டைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். பாங்காக் நெரிசலை நம்ப முடியாது, நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். டான் முவாங்கிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. இந்த விமானங்களில் பெட்டிக்கான கட்டணத்தை டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கவுன்டரில் கட்டினால் பல மடங்கு கேட்பார்கள்.

நான் பரிந்துரைப்பது போகும்போது இரவு ரயில், வரும்போது விமானம். பாங்காக்கின் நீண்டதூர ரயில்களில் பெரும்பாலானவை 2023 ஜனவரி முதல் பழைய ஹுவாலம்போங் நிலையத்திலிருந்து அல்லாமல், க்ருங் தேப் அபிவாட் என்ற பெரிய புதிய நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. டான் முவாங்கிலிருந்து சிவப்புத் தட நகர ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் அங்கே போய்விடலாம். நகோன் ரயில் மாலையில் கிளம்பி, ஏறக்குறைய 15, 16 மணி நேரம் ஓடி, மறுநாள் முற்பகலில் நகரத்தின் நடுவிலேயே இறக்கிவிடும். ஓர் இரவு அறை வாடகை மிச்சம். இரண்டாம் வகுப்புக் குளிர்சாதனப் படுக்கை போதும். கீழ்ப் படுக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை, கொடுக்கலாம். மேலே உள்ளது அகலம் குறைவு, விளக்கு வெளிச்சமும் முகத்தில் விழும். ஊழியர் வந்து மெத்தை விரித்து, துவைத்த விரிப்பும் போர்வையும் போட்டுத் திரைச்சீலையும் இழுத்துவிட்டுப் போவார். குளிர் அதிகம், ஒரு சால்வை அவசியம்.

அறை பிடிப்பது

நகரத்தின் அமைப்பு சுலபமானது. ராட்சதம்னோன் சாலை வடக்கு தெற்காகப் பல கிலோமீட்டர் நேராக ஓடுகிறது. ரயில் நிலையமும் கடைவீதியும் வடக்கே. பெரிய கோயிலும் அருங்காட்சியகமும் தெற்கே. இந்தச் சாலையிலோ அதிலிருந்து ஐந்து நிமிட நடையிலோ அறை இருக்கட்டும். புறவழிச் சாலை ஓரம் 200 பாட் குறைவாகக் கிடைக்கும் அறை, வண்டிச் செலவில் அதைத் திருப்பி வாங்கிவிடும்.

இருவர் தங்க 800 முதல் 1,500 பாட்டுக்குள் சுத்தமான, குளிர்சாதன வசதியுள்ள அறை கிடைக்கும். பெரிய பழைய ஓட்டல்களில் லிஃப்ட்டும் கல்யாண மண்டபமும் இருக்கும், கம்பளம் மட்டும் முப்பது வருட வாசனை வீசும். பத்துப் பதினைந்து அறைகளே உள்ள புதிய சிறு விடுதிகள் மேல். முன்பதிவு செய்யும்போது நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: சாலை பக்கம் இல்லாத அறையா, ஒரே கட்டிலா இரண்டா, காலைச் சாப்பாடு உண்டா, இரவு எத்தனை மணிவரை வரவேற்பில் ஆள் இருப்பார். சிறு விடுதிகளில் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சாவிக்கு முன்பணம் வாங்கினால் பயப்பட வேண்டாம், கிளம்பும்போது திரும்பிவிடும். துரியானை அறைக்குள் கொண்டுபோனால் மட்டும் அபராதம். கழிவறையில் கைக்குழாய் இருக்கும். ஐரோப்பாவுக்குப் போய்வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விடுதியின் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆங்கிலம் குறைவு. மொழிபெயர்ப்புச் செயலியில் தாய்லாந்து மொழியை இணையம் இல்லாமலும் இயங்கும்படி இறக்கிவைத்தால், உணவுப் பட்டியலைக் கேமராவில் காட்டியே படித்துக்கொள்ளலாம்.

கோயில் சாலையில் ஒரு நாள்

ராட்சதம்னோன் சாலையில் நீலநிறச் சொங்தாவ் ஓடிக்கொண்டே இருக்கும். பின்புறம் இரண்டு பெஞ்சு போட்ட சிறு வேன் அது. கையைக் காட்டினால் நிற்கும், மணியை அழுத்தினால் இறக்கிவிடும், இறங்கிப் போய் ஓட்டுநரிடம் பத்துப் பதினைந்து பாட் கொடுத்தால் முடிந்தது. கார் அழைக்கும் செயலிகளை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றையே நம்பி இருக்காதீர்கள்.

வாட் ப்ரா மகாதாட் கோயிலுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். கல்தரை சூடேறிவிட்டால் செருப்பில்லாமல் நடக்க முடியாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பொன்வேய்ந்த முடியோடு மணி வடிவில் நிற்கும் தூபி இலங்கைப் பாணியைச் சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் இலங்கையின் தேரவாதம் இந்த நகரத்தின் வழியாகவே தாய் மக்களின் நாடுகளுக்குப் பரவியது. உறவு பக்தியோடு நின்றுவிடவில்லை. அப்போது தாம்பிரலிங்கம் எனப்பட்ட இந்த நாட்டின் அரசன் சந்திரபானு 1247இல் இலங்கை மீது படையெடுத்தான். பிறகு பாண்டியரோடு மோதி அழிந்தான். அதற்கும் இரண்டு நூற்றாண்டு முன்பு, 1025இல் கடல் கடந்த ராஜேந்திர சோழனின் வெற்றிப் பட்டியலில் வரும் மாதமாலிங்கம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. இதே தீபகற்பத்தின் மறுகரையில் உள்ள தகுவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமத்து வணிகர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இதெல்லாம் தெரிந்து போனால் அந்தச் சாலையில் நடப்பதே வேறுவிதமாக இருக்கும்.

கோயிலிலிருந்து வடக்கே வந்தால் ஹோ ப்ரா இசுவான் என்ற சிறிய சிவன் சந்நிதி. உள்ளே லிங்கங்கள், வெளியே சிவப்பு வண்ணம் பூசிய ஊஞ்சல் தூண்கள். சாலையின் எதிர்ப்பக்கம் ஹோ ப்ரா நராய், திருமாலுக்கு உரியது. இரண்டும் கால்மணி நேர வேலை. பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தெற்கே உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இந்தப் பகுதியில் கிடைத்த பழைய விஷ்ணு சிலைகளைப் பார்க்கலாம். திங்களும் செவ்வாயும் விடுமுறை என்பதால் நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

பிற்பகல் வெயிலில் அறைக்குப் போய்த் தூங்குங்கள். மாலையில், தேசியக் கலைஞர் விருது பெற்ற சுச்சார்ட் சப்சின் அமைத்த நிழற்பாவை வீட்டுக்குப் போகலாம். நங் தலுங் என்னும் தோல்பாவைக் கூத்தின் பொம்மைகளை அங்கே செதுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கூத்தின் தொடக்கத்தில் ஒரு முனிவரும், காளைமேல் ஏறிய ஈசுவரனும் திரையில் வந்துவிட்டுத்தான் கதை ஆரம்பிக்கும். வாங்கிக்கொண்டு வர நினைத்தால் தட்டையாகப் பெட்டியில் வைக்கும்படியான தோல்பாவை நல்ல பொருள். தா சாங் சாலைக் கடைகளில் வெள்ளியில் கருமை பதித்த நகைகளும், யான் லிபாவ் என்ற கொடியில் பின்னிய கைப்பைகளும் இந்த ஊரின் பெயர்பெற்ற கைவினைகள். பைகள் விலை அதிகம், பின்னலின் நுணுக்கத்தைப் பார்த்தால் நியாயமான விலைதான்.

காருக்கு ஒரு நாள்

மூன்றாம் நாளுக்கு விடுதியில் சொல்லி ஓட்டுநரோடு கார் ஏற்பாடு செய்யுங்கள். நாளுக்கு 1,800 முதல் 2,500 பாட் வரை கேட்பார்கள். பெட்ரோல் உள்ளேயா வெளியேயா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஸ்கூட்டர் 300 பாட்டுக்குக் கிடைக்கும்தான். ஆனால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு கைவிட்டுவிடும்.

போக வேண்டிய இடம் கிரிவோங். முப்பது கிலோமீட்டருக்குள், ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரமுள்ள காவ் லுவாங் மலையின் அடிவாரத்தில், ஓடைக்கரையில் அமைந்த கிராமம். மங்குஸ்தான், துரியான், பாக்கு, சத்தோர் என்னும் காய்மரம் எல்லாம் கலந்து காடுபோல் வளர்ந்த தோட்டங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தொடங்கும். பெண்கள் குழுவாக இலைச்சாயம் போடும் துணிகளை விற்கிறார்கள். ஓடையில் காலை விட்டுக்கொண்டு அரைநாள் உட்காரலாம். சனி, ஞாயிறு கூட்டம், வாரநாளில் போங்கள். திரும்பும் வழியில் ப்ரோம் லோக் அருவி.

கனோமில் இளஞ்சிவப்பு ஓங்கில்களைப் படகில் போய்ப் பார்க்கலாம், கடற்கரையும் அழகு. ஆனால் வடக்கே 80 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் போய்வந்தால் முதுகுவலிதான் மிஞ்சும். கூடுதலாக ஓர் இரவு இருந்தால் அங்கேயே தங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தென்கோடியில் பத்தானி, யாலா, நராதிவாட் மாகாணங்களில் பல ஆண்டுகளாக வன்முறை நடந்துவருகிறது. நகோன் அந்தப் பகுதியில் சேராது.

சாப்பாடு

தென் தாய்லாந்தின் சமையல் நம் நாக்குக்குப் பழக்கமான திசையில் இருக்கும்: மஞ்சள், மிளகாய், தேங்காய்ப்பால், புளிப்பு. காரம் பாங்காக்கைவிடக் கூடுதல். "பெட் நோய்" என்றால் காரம் குறைப்பார்கள். நகோனின் காலைச் சாப்பாடு கனோம் ஜீன். அரிசி மாவில் பிழிந்த இடியாப்பம் போன்ற நூல்மீது விருப்பமான குழம்பை ஊற்றி, மேசையில் குவித்திருக்கும் பச்சைக் காய்களையும் தழைகளையும் எடுத்துக் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். தட்டு 40 முதல் 60 பாட். காய்த்தட்டுக்குத் தனி விலை கிடையாது. மீன்குடல் ஊறுகாயில் செய்யும் கேங் தை ப்லா உப்பும் காரமும் மிகுந்தது. முதல் நாளே முயல வேண்டாம். முஸ்லிம் கடைகளில் காலையில் ரொட்டியும் இழுத்து ஆற்றிய தேநீரும் கிடைக்கும். சீனர் காப்பிக்கடைகளில் கோபி என்னும் காப்பி.

சைவர்கள் கவனிக்க: காய்கறிக் குழம்பிலும் மீன் சாறும் இறால் விழுதும் இருக்கும். "மை சை நாம் ப்லா" என்றால் மீன் சாறு சேர்க்காதீர்கள் என்று பொருள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட "ஜே" கடைகளில் மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயமும் கிடையாது. அத்தகைய கடை எங்கே என்று முதல் நாளே விடுதியில் கேட்டு வரைபடத்தில் குறித்துவையுங்கள். பல கடைகள் மதியத்தோடு மூடிவிடும்.

கணக்கு

இருவருக்கு நான்கு இரவு என்று வைப்போம். அறை நாளுக்கு 1,200 வீதம் 4,800 பாட். சாப்பாடு, காப்பி, பழம் நாளுக்கு 800 வீதம் 3,200. ஒரு நாள் காருக்குப் பெட்ரோலும் சேர்த்து 2,500. சொங்தாவும் விமான நிலைய வேனும் 600. நுழைவுக் கட்டணம், காணிக்கை, சில்லறைச் செலவு 1,000. ஆக 12,100 பாட், அதாவது 36,000 ரூபாய் அளவில். ரயில், விமானக் கட்டணங்களும் பொருட்கள் வாங்கும் பணமும் தனி. மூவாயிரம் பாட்டை அவசரத்துக்கென்று வேறு பையில் போட்டுவையுங்கள். சுற்றுலாக் காவல் 1155, ஆம்புலன்ஸ் 1669.

பதிவு செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். சென்னை–பாங்காக் டிக்கெட் கைக்கு வந்ததும் அறைக்குப் போகாதீர்கள். அறை எப்படியும் கிடைக்கும். ரயில்வேயின் சொந்த இணையப் பக்கத்தில் நகோன் ரயிலின் கீழ்ப் படுக்கையை முதலில் பிடியுங்கள். அதுதான் சீக்கிரம் தீரும்.